12 போர் என்றால் 12 மில்லிமீற்றர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரக்கறித் தோட்டங்களில் காட்டுப்பன்றி செய்யும் நாசத்தைப் பற்றி மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்தது. உருளைக்கிழங்குப் பாத்தியைப் பன்றி உழுதுவிட்டுப் போன படமும் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை. ஆனால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் கட்டி, துப்பாக்கி வகைகளை விளக்கியிருந்தார் கட்டுரையாளர். 12 போர் (bore) துப்பாக்கி என்றால் குழலின் வாய் 12 மில்லிமீற்றராம். 16 போர் அதைவிடப் பெரியதாம். 20 போர்தான் எல்லாவற்றிலும் வலுவானதாம். மூன்றும் பிழை. சரியாகச் சொன்னால் தலைகீழ்.

படித்தபோது சிரித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எழுபது தாண்டியவன் பேப்பரில் பிழை பிடித்துக் கடிதம் எழுத ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது. அப்புறம் மெல்பேர்னிலிருந்து மகள் பேசினாள். அவள் தங்கள் பத்திரிகையை போனில் படிக்கிறவள். என் பேத்திக்குப் பதினைந்து வயது. ஆகாயத்தில் எறியும் தட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டில் ஆசை வந்து, அந்த நாட்டில் சிறுவர்களுக்குக் கொடுக்கும் அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டாள். கிளப்பில் அவளுக்கு 20 போர் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மகள் ஒரே பிடியாக நிற்கிறாள்: "அப்பா, பேப்பர்ல போட்டிருக்காங்க, இருபதுதான் பெரிசாம். இந்த ஒல்லிப் புள்ளைக்கு எதுக்கு அவ்வளவு பெரிசு? பன்னெண்டே போதும்னு சொல்லிட்டேன்."

அதனால்தான் இந்தக் கடிதம்.

போர் என்பதையே சிலர் கேஜ் என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். இது மில்லிமீற்றரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஈய உருண்டைகளின் எண்ணிக்கை. ஒரு இறாத்தல் ஈயத்தை உருக்கி, குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும்படி உருட்டினால் எத்தனை உருண்டை வரும்? பன்னிரண்டு வந்தால் 12 போர். இருபது வந்தால் 20 போர். நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரே அளவு மாவைப் பன்னிரண்டு உருண்டையாகப் பிடித்தால் ரொட்டி பெரிசு, இருபதாகப் பிடித்தால் சிறிசு. அவ்வளவுதான் கணக்கு. 12 போர்க் குழலின் உள்வாய் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், 16 போர் 16.8, 20 போர் 15.6. எண் ஏற ஏற வாய் சிறுக்கும்.

கட்டுரையாளரின் கணக்கில் பார்த்தால் சாமுவேல் பேக்கரின் கதை என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். நுவரெலியாவில் 1848 முதல் 1855 வரை குடியிருந்த அந்த வெள்ளைக்காரர் யானைக்கு வைத்திருந்த துவக்கு இறாத்தலுக்கு நாலு குண்டு, அதாவது 4 போர். எடை மட்டும் 21 இறாத்தல். நாலு மில்லிமீற்றர் என்றால் மனிதர் பட்டாணிக் கடலையால் யானையை அடித்திருக்கிறார்!

இந்தக் கணக்குக்கு அடங்காதது ஒன்று உண்டு. 410 என்று சொல்வார்களே, அது மட்டும் உருண்டைக் கணக்கு இல்லை. வாயின் உண்மையான அளவு, 0.410 அங்குலம். பத்து மில்லிமீற்றருக்குச் சற்று மேல். இதையும் அந்தக் கட்டத்துக்குள் சேர்த்திருந்தால் 410 போர் என்று எழுதி அதைப் பீரங்கி ஆக்கியிருப்பார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கராகச் சேர்ந்து பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன் நான். அப்பா அதே தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்பு. சமையலோடு துரையின் துவக்குகளைத் துடைத்து எண்ணெய் போடும் வேலையும் அவர் தலையில். பங்களாவில் நாலு துவக்குகள் இருந்தன: இரட்டைக் குழல் 12 ஒன்று, துரையின் தகப்பனார் வழியில் வந்த 16 ஒன்று, துரைசாணிக்கென்று மெல்லிய 20 ஒன்று, கோழிக்கூட்டுக்கு வரும் பாம்புக்கு ஒற்றைக் குழல் 410 ஒன்று. துரை கீழ்நாட்டு வயல்களுக்கு உள்ளான் குருவி சுடப் போய்வந்தால் மறுநாள் முழுக்க வீட்டில் எண்ணெய் வாசம்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். துடைக்கும் குச்சியைப் பிடித்துக்கொடுப்பது என் வேலை.

ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு 12 போரை ஒடித்துத் திறந்து, இரண்டு குழலும் காலி என்று ஆகாயத்தைப் பார்த்துக் காட்டினார். பிறகு துரைசாணி சுட்டுப்போட்ட 20 போர்த் தோட்டாவின் வெற்றுக் கூடு ஒன்றை எடுத்து அந்தக் குழலுக்குள் போட்டார். 12 போர்த் தோட்டா என்றால் அதன் பித்தளை விளிம்பு வாசலில் தட்டி நிற்கும். இது நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு உள்ளே போய், தோட்டா உட்காரும் அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் இடத்தில் 'டக்' என்று மாட்டிக்கொண்டது. "இப்பப் பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். உள்ளே பித்தளை மினுங்கியது. "பாக்கிறவனுக்குத்தான் தெரியும். அவசரத்துல எவன் பாக்கிறான்? விசையை இழுப்பான், சத்தம் வராது. தோட்டா போடல போலன்னு நெனைச்சு இன்னொண்ணைப் போடுவான். இது பின்னாடி அது. அப்புறம்?" என்று கேட்டு, குழலைத் தாங்கும் தன் இடது கையை எடுத்து எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். பின்னால் இருக்கும் 12 வெடிக்க, முன்னால் 20 அடைத்துக்கொண்டு நிற்க, குழல் கிழிவது சரியாக அந்தக் கை இருக்கும் இடத்தில்தான். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கூட்டைக் குச்சியால் தள்ளி வெளியே எடுத்து, ஒன்றும் நடக்காததுபோல் துடைக்க ஆரம்பித்தார்.

இந்த ஆபத்துக்காகத்தான் இப்போது 20 போர்த் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். அப்பா காலத்துக் கடதாசித் தோட்டாக்களுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. போதாக்குறைக்கு நம் மலைநாட்டு மூடுபனி. நாலு மாதம் வைத்தால் கடதாசி ஊதிவிடும், குழலுக்குள் போகாது. போனால் சுட்டபிறகு வெளியே வராது. மூடி இறுக்கமான பிஸ்கட் தகரத்தில், போருக்கு ஒரு தகரமாகப் பிரித்து வைத்திருந்தார் அப்பா. எழுத்துத் தெரியாதவர். ஒவ்வொரு மூடியிலும் ஆணியால் புள்ளி குத்தி வைத்திருந்தார். 20க்கு இரண்டு புள்ளி, 12க்கு ஒன்று.

ஆசிரியர் அவர்களே, இடம் போதாது என்று இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். மேலே சொன்ன இரண்டு பந்தியையும் தொடாதீர்கள். பன்றிக்குக் காவல் இருப்பவன் பக்கத்துத் தோட்டக்காரனிடம் இரண்டு தோட்டா கடன் வாங்கும் ஊர் இது. 20 போர் பெரியது என்று அவன் நம்பிவிட்டால், அது தன் 12க்குள் எப்படியும் போகாது என்றும் நம்பிவிடுவான்.

சரி, பெரிய வாய் என்றால் பெரிய பலமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதிலும் பலருக்கு மயக்கம். ஒரு தோட்டாவுக்குள் இருப்பது ஒரே உருண்டை இல்லை, பல சின்ன ஈயக்குண்டுகள். 12லிருந்து வரும் ஈயக்குண்டும் 20லிருந்து வரும் ஈயக்குண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் போகின்றன, செக்கனுக்கு 360 மீற்றர் அளவில். ஒரே பருமனுள்ள குண்டு என்றால் பறவைக்குப் படும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் எண்ணிக்கையில். சாதாரண 12 போர்த் தோட்டாவில் 28 முதல் 32 கிராம் ஈயம் இருக்கும், 20இல் 25 கிராம் அளவு, 28 போரில் 21, சின்ன 410இல் 14 கிராம்தான். வலை பெரிசா சிறிசா என்பதுபோல. கண்ணி எல்லாம் ஒரே நூல்தான்.

அதனால்தான் 410ஐக் குழந்தைகளுக்கு ஏற்றது என்று வாங்கிக் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். உதை குறைவு, உண்மை. ஆனால் பதினாலு கிராம் குண்டை வைத்துக்கொண்டு பறக்கும் தட்டைப் பிடிப்பது கைதேர்ந்தவன் வேலை. பழகுகிற பிள்ளை பத்துத் தட்டில் ஒன்றை உடைத்துவிட்டு, எனக்கு இது வராது என்று துவக்கை வைத்துவிடும்.

குண்டு எப்படிப் பரவுகிறது என்பதற்குப் போர் எண்ணைவிடக் குழல் முனையின் இறுக்கம்தான் முக்கியம். சோக் என்பார்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய இங்கிலீஷ் பேப்பர். பங்களாவுக்குப் பின்னால் மண்திட்டில் இரண்டு விரிந்த தாள்களை ஈர்க்கால் குத்திவைத்து, நாற்பது யார் (கெஜம்) எட்டி நின்று துரை ஒவ்வொரு குழலாகச் சுடுவார். வட்டம் போட்டு உள்ளே எத்தனை ஓட்டை என்று எண்ணிச் சொல்ல வேண்டியது நான். ஓட்டைக்கு ஓட்டை பென்சிலால் கோடு போட்டு எண்ணுவேன், பிழை விட்டால் மறுபடி. வலது குழல் சும்மா திறந்த குழல், இடது இறுக்கமானது. நாற்பது யாரில் முப்பது அங்குல வட்டத்துக்குள் திறந்த குழல் நூற்றுக்கு நாற்பது குண்டைத்தான் போடும், முழு இறுக்கம் எழுபதைப் போடும் என்பது துவக்குக்காரர்களின் பொதுக் கணக்கு. துவக்கு ஒன்றுதான், போர் ஒன்றுதான், தோட்டாவும் ஒன்றுதான். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று அம்மைத் தழும்பு, மற்றது சல்லடை. பின்னாளில் தோட்ட ஒப்பீசில் நான் செக்றோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) எண்ணியதெல்லாம் அந்தப் பழக்கத்தில்தான்.

இனி உதை. மகள் பயந்தது இதற்குத்தானே. தோளில் படும் உதையைத் தீர்மானிப்பது போர் எண் மட்டுமில்லை. எவ்வளவு ஈயத்தைத் தள்ளுகிறது, துவக்கு எவ்வளவு கனம் என்ற இரண்டும் சேர்ந்துதான். பழைய வெள்ளைக்காரத் துவக்குத் தொழிலாளர்கள் துவக்கின் எடை ஈயத்தின் எடையைப்போல் 96 மடங்காவது இருக்கவேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு ஆறு இறாத்தல் துவக்கு. இதை மறந்துவிட்டு, லேசாக இருக்கிறதே என்று இரண்டே முக்கால் கிலோ 20 போரை வாங்கி, அதில் கனத்த தோட்டாவைப் போட்டால், மூன்றரைக் கிலோ 12 போரில் 24 கிராம் தோட்டா போட்டுச் சுடுவதைவிட அதிகமாகவே உதைக்கும். ஒலிம்பிக் தட்டுச் சுடும் போட்டியில் தோட்டாவுக்கு 24 கிராம்தான் உச்சவரம்பு. அங்கே போகிறவர்கள் எல்லோரும் கனமான 12 போரைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கச் சுடுவது அதனால்தான் முடிகிறது.

ஆகவே என் பேத்திக்குச் சொன்னது இது. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கடைசியில் 12க்குத்தான் வருவாய். ஆனால் மூன்றரைக் கிலோவை நீட்டிப் பிடித்து இருபத்தைந்து தட்டு சுட உன் கைக்கு இப்போது தெம்பு இல்லை. பத்தாவது தட்டிலேயே குழல் முனை தொங்கும், தொங்கினால் தட்டுக்குக் கீழே சுடுவாய். அதனால் ஒரு வருடம் 20. மிகவும் லேசானது வேண்டாம், தோட்டா 25 கிராமுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதலில் தோளில் ஊன்றும் மரக்கட்டையின் நீளத்தைப் பார். பெரியவர்களுக்குச் செய்த கட்டை உன் அக்குளுக்கு வெளியே நிற்கும், கன்னம் மரத்தில் ஒட்டாது, தோளுக்குப் பதில் புயத்தில் உதைக்கும். அவள் உடனே ஒரு படம் அனுப்பினாள். யாரோ ஒரு பெரியவரின் 12ஐ முதல்நாள் வாங்கிச் சுட்டதில் புயம் கத்தரிக்காய் நிறம். பார்த்தீர்களா, அவள் அம்மா விடாப்பிடியாக வாங்கித் தர இருந்தது அந்தப் 'பன்னெண்டே போதும்' துவக்கு.

தட்டு என்று சொல்கிறேன், இங்கிலீஷில் களிமண் புறா என்ற பெயர். களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் சேர்த்து அச்சில் வார்த்தது. 11 சென்ரிமீற்றர் அகலம், நூறு கிராமுக்குச் சற்று மேல் எடை. ஒரு சின்ன ரொட்டி அளவு. அது முயலும் இல்லை, வாத்தும் இல்லை, பட்டால் உடையும் அவ்வளவுதான். இந்த விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

வேட்டை என்றால் பேச்சு வேறு. பேத்தி இருக்கும் நாட்டில் வாத்துக்கு ஈயக்குண்டு தடை, பெரும்பாலும் உருக்குக் குண்டுதான் போடுகிறார்கள். உருக்கு ஈயத்தைவிட லேசு, அதனால் குண்டைப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கினால் எண்ணிக்கை குறையும். ஆக, அதிக இடமுள்ள 12தான் அதற்குச் சரி. முயலுக்கும் சின்னப் பறவைக்கும் 20 தாராளம். 16ஐப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், அப்பாவுக்குப் பிடித்தது அது, எனக்கும் அதன்மேல் ஒரு இது. 20ஐப்போல் கையில் லேசாக ஆடும், கிட்டத்தட்ட 12 போல் போடும். என்ன பிரயோசனம், தோட்டா தேடி அலைய வேண்டும். தோட்டா கிடைக்காத துவக்கு உலக்கைக்குச் சமம்.

நம் நாட்டில் இந்தத் தெரிவுக்கெல்லாம் இடமில்லை. பயிர்க்காவலுக்குக் கொடுக்கப்படுவது 12 போர்தான். 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம், வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். மரை, சிறுத்தை, காட்டுக்கோழி எல்லாம் பாதுகாக்கப்பட்ட உயிர்கள், கையில் துவக்கு இருந்தாலும் தொடமுடியாது. பன்றிக்கு எஸ்.ஜி. தோட்டா போடுவார்கள், அவுன்சுக்கு எட்டுக் குண்டு. இதில் ஒரு விஷயத்தைக் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். தட்டுக்குச் சுடும் பொடிக்குண்டு இருநூறு மீற்றர் அளவில் செத்து விழுந்துவிடும். எஸ்.ஜி. குண்டு ஐந்நூறு மீற்றருக்கும் மேல் போகும். நம் மலைகளில் மரக்கறிப் பாத்திக்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம், லயத்துக்குக் கீழே இன்னொரு பாத்தி. ராத்திரி பன்றியைப் பார்த்துச் சரிவில் கீழ்நோக்கிச் சுடுகிறவனுக்குப் பன்றிக்கு அப்பால் யார் வீட்டு வாசல் இருக்கிறதென்று தெரிந்திருக்கவேண்டும்.

துவக்கு இல்லாதவர்கள் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படி ஒரு சுருக்கில் கருஞ்சிறுத்தை மாட்டிச் செத்ததை நாடே பார்த்தது. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இங்கே நுழைத்தால் கடிதம் முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் பத்திரிகைகள் முழுத் தோட்டாவையும் ரவை என்கின்றன, அதற்குள் இருக்கும் ஈயக்குண்டையும் ரவை என்கின்றன. 'வீட்டில் 200 ரவைகள் மீட்பு' என்று செய்தி வந்தால் பெரிய ஆயுதக் கிடங்கா, உடைந்த ஒரே ஒரு தோட்டாவிலிருந்து சிந்திய பொடியா என்று என்னைப் போன்றவர்களுக்குப் புரிவதில்லை. தோட்டா என்றும் குண்டு என்றும் பிரித்து எழுதினால் நல்லது.

இதை எழுதி முடித்து நேற்றுப் பின்னேரம் உறைக்குள் போடப்போனேன். பேத்தி வட்சப்பில் படம் அனுப்பியிருந்தாள். கிளப்பின் 20 போரால் இருபத்தைந்தில் பதினொன்று உடைத்தாளாம். உள்ளங்கையில் நாலைந்து மஞ்சள் கூடுகள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் போட்டிருந்த அங்கியின் வலதுபக்கப் பை திறந்து கிடந்தது. உள்ளே மஞ்சளோடு மஞ்சளாக இரண்டு சிவப்பும் எட்டிப் பார்த்தன. யாரோ சிநேகிதி தன் 12 போர்த் தோட்டாவை வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

இங்கே மாலை ஆறரை, அங்கே இரவு பதினொன்று. தூங்கட்டும் என்று விடவில்லை, எழுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
அப்புத்தளை.